உட்காரும் உரிமையும் உடல் எடையும்

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உடற்பருமன். மருத்துவர் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று சிலருக்குத் தோன்றலாம். பருமனுக்கான சிகிச்சை பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பருமனான ஒருவர் காலையில் வேலைக்குப் போகிறார். அங்கே அவருக்கு என்ன காத்திருக்கிறது? அதில் எதை மாற்றும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு, எதில் தலையிட அவருக்கு உரிமை கிடையாது? என் கேள்வி இவ்வளவுதான். இது யாரோ சிலரைப் பற்றிய கேள்வியும் இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 என்று இருந்தது. இந்திய அளவில் ஐந்தாம் ஆய்வில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு தமிழ்நாட்டு அலுவலகத்தில் நான்கு பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். எல்லோருக்கும் நாற்காலி போதாமல் போவதில்லை. ஆனால் எல்லோர் காதிலும் அந்தப் பேச்சு விழுகிறது.

இந்த நால்வரை நிர்வாகம் எப்படி நடத்துவது என்பதற்கு உலகம் இதுவரை முக்கியமாக மூன்று வழிகளைக் கண்டிருக்கிறது. எடையையே வேலைக்கான நிபந்தனை ஆக்குவது ஒன்று. பருமனை ஊனமாகக் கருதிச் சலுகை தருவது மற்றொன்று. மூன்றாவது வழிக்குப் பெயர் வைக்கப்படவில்லை; ஆனால் அதற்கான சட்டம் நம் மாநிலத்திலேயே, வேறொரு காரணத்துக்காக, 2021இல் நிறைவேறியிருக்கிறது. அந்த மூன்றாவது வழிதான் சரி என்பது என் வாதம்.

முதல் வழிக்கு நம் நாட்டு உதாரணம் விமானப் பணிப்பெண்கள். 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கர்ப்பம் போனது, எடை நின்றது. 2008இல், எடை விதியை எதிர்த்துப் பணிப்பெண்கள் போட்ட மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பத்துப் பேரளவில் வேலையிழந்தார்கள். 2014இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் புதிய விதி கொண்டுவந்தது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. என்ற எண்தான் அதற்கு அடிப்படை. ஆணுக்கு 25 வரை சரி. பெண்ணுக்கு 22ஐத் தாண்டினாலே கூடுதல் எடை. 24 உள்ள ஆண் பறக்கலாம், அதே 24 உள்ள பெண் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு இருபாலருக்கும் ஒன்றுதான். பயணிகளின் பாதுகாப்புதான் காரணம் என்றால், அவசரக் கதவு ஆண் பெண் பார்த்தா திறக்கிறது? அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆண்களுக்குப் பெரிய உடலமைப்புக்கான எடை அட்டவணையையும் பெண்களுக்கு நடுத்தர உடலமைப்புக்கான அட்டவணையையும் வைத்திருந்தது. அது பாகுபாடு என்று 2000இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. (இந்த பி.எம்.ஐ. சூத்திரத்தின் மூலம் 1830களில் வாழ்ந்த கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர். மக்கள்தொகையின் சராசரி மனிதனைக் கண்டுபிடிக்க அவர் போட்ட கணக்கு அது. ஒரு தனிமனிதரின் வேலையை அது தீர்மானிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.)

எல்லா நிறுவனமும் விமான நிறுவனம் போல எடை பார்க்கும் மெஷினை வாசலில் வைப்பதில்லை. தேவையும் இல்லை, அந்த மெஷின் நேர்காணல் நடத்துபவரின் கண்ணிலேயே இருக்கிறது. ஸ்வீடனில் டான்-ஒலோஃப் ரூத் என்ற பொருளியலாளர் கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து உண்மையான வேலை அறிவிப்புகளுக்கு அனுப்பினார். படிப்பும் அனுபவமும் ஒன்றே. ஒட்டிய புகைப்படம் மட்டும் வேறு. ஒன்றில் சாதாரண முகம், மற்றொன்றில் அதே முகம் கணினியில் பருமனாக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவு: நேர்காணலுக்கு அழைப்பு வருவது பருமனான ஆண்களுக்கு ஆறு விழுக்காட்டுப் புள்ளிகளும் பெண்களுக்கு எட்டுப் புள்ளிகளும் குறைந்தது. அமெரிக்க வெள்ளையினப் பெண்களிடையே சுமார் 30 கிலோ எடை வேறுபாடு 9 விழுக்காடு சம்பள வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்று பொருளியலாளர் ஜான் காலி 2004இல் காட்டினார். மூன்றாண்டு வேலை அனுபவம் கூட்டித் தரும் சம்பளம் அது. இன்னொன்று இவற்றைவிடக் கவலை தருவது. 2007 முதல் 2016 வரை அமெரிக்கர்களின் உள்மன விருப்பு வெறுப்புகளை ஆராய்ந்த டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த், மஹசரின் பனாஜி இருவரும், பாலின ஈர்ப்பு, இனம், தோல் நிறம் ஆகியவை பற்றிய வெறுப்பு தணிந்துவருவதையும் எடை பற்றிய உள்மன வெறுப்பு மட்டும் கூடியிருப்பதையும் கண்டார்கள். வெளியில் கேட்டால் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

இந்தியாவில் இதே போன்ற விண்ணப்பச் சோதனை நடந்தால் முடிவு எப்படி இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நம் சினிமா பல பத்தாண்டுகளாகப் பருமனான உடலை ஒரே வேலைக்குத்தான் அழைத்திருக்கிறது. கல்யாணம் என்ற நடிகரின் பெயருக்கு முன்னால் ‘குண்டு’ நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் நீண்ட விடுப்பு முடித்து வருகிறவருக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு, ‘என்ன, வெயிட் போட்டுட்டீங்க போல.’ சொல்பவர் பிரியமாகத்தான் சொல்கிறார். அதே வாய் பதவி உயர்வுக் கூட்டத்தில் ‘அவர் கொஞ்சம் மந்தம்’ என்று சொல்லும்போது, எடையைப் பார்த்துத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது என்று அவருக்கே தெரியாது. உடலைப் பார்த்துச் சுறுசுறுப்பை அளப்பது நமக்கு அவ்வளவு பழகிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நிறத்தையும் சாதியையும் யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை, ஆனால் எடை அவரவர் கையில் இருக்கிறதே, வாயைக் கட்டினால் குறையுமே என்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பல்ல இது. ஊரில் பெரும்பாலோர் நம்புவது இதைத்தான். ஆனால் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. டென்மார்க்கில் பிள்ளைப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆல்பர்ட் ஸ்டன்கார்டின் குழு ஆராய்ந்து 1986இல் எழுதியது. வளர்ந்த பிறகு அவர்களின் உடல்வாகு பெற்றோரின் உடல்வாகை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களின் உடல்வாகோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. எடை குறைத்தவர்களுக்கு என்ன ஆகிறது? அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழு பரிசோதித்தது. குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைந்தே இருந்தது. மன உறுதி இல்லாதவர்களா அவர்கள்? கேமரா முன்னால் மாதக்கணக்கில் வியர்வை சிந்தியவர்கள். உடல் தன் பழைய எடைக்குத் திரும்பப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தைக் குணக்கேடு என்று எழுதி வைக்கிறோம். வேலையும் இதில் பங்காளிதான். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் அமெரிக்கப் பகலுக்காக இரவு முழுதும் விழித்திருப்பவர்கள், ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, நள்ளிரவில் கேன்டீன் பரோட்டாவை நம்பியிருப்பவர்கள். இரவு ஷிப்டுக்கும் எடைக் கூடுதலுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எடையை ஏற்ற உதவிய இடமே அந்த எடைக்குத் தீர்ப்பும் எழுதுகிறது.

இரண்டாவது வழி, ஊனம் என்ற வாசல். கார்ஸ்டன் கால்டோஃப்ட் என்பவர் டென்மார்க்கின் பில்லுண்ட் நகராட்சிக்காக 15 ஆண்டுகள் குழந்தைகளைக் கவனித்துவந்தார். எடை 160 கிலோவுக்கு மேல். 2010இல் வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. 2014 டிசம்பரில் வந்த தீர்ப்பு இப்படி: பருமன் தன்னளவில் ஊனமல்ல, ஆனால் மற்றவரைப் போல முழுமையாக வேலையில் பங்கெடுக்க முடியாதபடி நெடுங்காலம் தடையாக இருந்தால் ஊனமாகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது ஒருவரை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பாருங்கள். பாதுகாப்பு வேண்டும் என்றால் ‘என்னால் முடியவில்லை’ என்று நிரூபிக்க வேண்டும். வேலை வேண்டும் என்றால் ‘என்னால் முடியும்’ என்று நிரூபிக்க வேண்டும். கால்டோஃப்ட் தன் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தவர். அதுவே அவருக்கு வினையாகி, கடைசியில் டென்மார்க் நீதிமன்றத்தில் தோற்றார். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது; பருமன் அதில் இல்லை. சேர்த்தாலும், பத்தில் நான்கு பேரை மருத்துவக் குழு முன்னால் சான்றிதழுக்கு வரிசையில் நிறுத்துவதா? நாற்காலி கேட்க ஒரு சான்றிதழ் என்றால் பெரும்பாலோர் கேட்கவே மாட்டார்கள். மிச்சிகன் மாநிலம் 1976லேயே வேறு விதமாக யோசித்தது: இனம், மதம் போல எடையையும் உயரத்தையும் பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க் நகரம் 2023இல் அதையே செய்தது. இந்தச் சட்டங்களை நான் வரவேற்கிறேன். ஆனால் அவை வேலை மறுக்கப்பட்ட பிறகோ பறிபோன பிறகோ வழக்குப் போட உதவுபவை. வேலையில் இருப்பவரின் எட்டு மணி நேரத்துக்கு அவை தருவது கொஞ்சம்தான்.

நிறுவனங்கள் தாமாகவே விரும்பி எடுக்கும் வழி ஒன்றும் உண்டு: ‘வெல்னஸ்’. ஜிம் கட்டணத்தில் தள்ளுபடி, படி எண்ணும் செயலி, எடைக் குறைப்புப் போட்டி. ஊழியர்மேல் அக்கறை என்று தோன்றுவதால் இதை எதிர்ப்பது கடினம். ஆனால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பி.ஜே.ஸ் என்ற அமெரிக்க மொத்த விற்பனை நிறுவனத்தின் 160 கடைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடையே, குலுக்கல் முறையில் சில கடைகளைத் தேர்ந்தெடுத்து இத்தகைய திட்டத்தை நடத்தினார்கள். பதினெட்டு மாதம் கழித்துத் தாங்கள் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். பி.எம்.ஐ., ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு நாள்கள் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஜப்பான் நாடு தழுவி முயன்றது. 2008 முதல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இடுப்பளவு எடுக்கிறார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90. தாண்டியவர்களுக்கு ஆலோசனை. சுமார் 75,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆலோசனைக்கு அனுப்பப்பட்டவர்களின் எடை முதல் ஆண்டில் கால் கிலோவைச் சற்றுத் தாண்டிக் குறைந்திருந்தது. பிறகு அதுவும் கரைந்துபோனது. உடம்பு மாறவில்லை, ஆனால் யாருடைய இடுப்பு எவ்வளவு என்ற குறிப்பு மட்டும் கோப்பில் ஏறிவிட்டது.

இப்போது மூன்றாவது வழிக்காகத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கு வருவோம். ஜவுளிக் கடையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே புடவை விரித்த பெண்களின் கால்களில் நரம்பு சுருண்டு நின்றது. கோழிக்கோட்டில் இதே நிலையிலிருந்த பெண்கள் போராடி, 2018இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கிடையில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார முடிய வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. அதில் எனக்குப் பிடித்தது, அது கேட்காமல் விட்ட கேள்விகள். யாருக்குக் கால் வலி, யாருக்கு நரம்புச் சுருட்டு, யார் கர்ப்பிணி, யாருக்கு வயதாகிவிட்டது, யாருக்கு எடை கூடுதல் என்று எதையும் அது கேட்கவில்லை. எந்தச் சான்றிதழும் வேண்டாம். கெஞ்ச வேண்டியதில்லை. மனிதரைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு இடத்தைத் திருத்தச் சொல்கிறது. ஊழியரின் உடல்மேல் முதலாளிக்கு அதிகாரம் இல்லை. இடத்தின்மேல் முழு அதிகாரம் உண்டு. எங்கே அதிகாரமோ அங்கே பொறுப்பு.

அந்தப் பிரிவில் ‘தகுந்த’ என்ற ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை நேர்மையாக நடைமுறைப்படுத்தினாலே பாதித் தூரம் வந்துவிடலாம். கடையில் போடும் பிளாஸ்டிக் ஸ்டூலும் கைப்பிடி நெருக்கமான சுழல் நாற்காலியும் எல்லோருக்கும் தகுந்தவை அல்ல. சாதாரண அலுவலக நாற்காலிகள் பலவும் 100, 120 கிலோவைக் கணக்கில் வைத்தே செய்யப்படுகின்றன. கைப்பிடியில்லாத, அகலமான, 150 கிலோவுக்கு மேல் தாங்கும் நாற்காலி சந்தையில் கிடைக்கிறது. கூட்ட அறையில் அப்படி இரண்டு இருந்தால், யாருக்காக என்று யாரும் கேட்க மாட்டார்கள். சீருடை அடுத்தது. எல்லா அளவும் ஒரே நாளில் வர வேண்டும். ‘உங்க சைஸ் ஸ்பெஷல் ஆர்டர், ரெண்டு வாரம் ஆகும்’ என்றால் அந்த இரண்டு வாரமும் அவர் மட்டும் வீட்டு உடையில் நிற்கிறார். கம்பெனி வேனில் மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக யாரை இறக்கி வேறு வண்டிக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் பாருங்கள். இவற்றைவிட நுட்பமானது, வேலையில் சேரும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் கையைச் சுற்றும் பட்டை எல்லோருக்கும் ஒரே அளவு என்று நினைத்து விடுகிறோம். 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்தபோது, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவருக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. 122 உள்ளவர் 141 ஆகிறார். உயர் அழுத்தமே இல்லாத ஒருவருக்கு ‘ரத்தக் கொதிப்பு’ என்று எழுதி, வேலையைத் தள்ளிப்போட அது போதும். பெரிய பட்டையின் விலை ஒரு வேளை விருந்துச் செலவுகூட ஆகாது.

பாதுகாப்பு பற்றி நான் இதுவரை தட்டிக்கழிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடை உண்மையிலேயே கணக்கில் வரும் வேலைகள் உண்டு. உயரத்தில் வேலை செய்பவர் கட்டும் பாதுகாப்புப் பட்டை 100 கிலோவை வைத்துச் சோதிக்கப்பட்டிருந்தால், 125 கிலோ உள்ளவரை அதைக் கட்டி ஏற்றுவது கொலைக்குச் சமம். ஏணிக்கும் சாரத்துக்கும் இப்படிப்பட்ட வரம்பு உண்டு. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 140 கிலோவுக்கான பட்டை வாங்கினோமா என்பது. அது கிடைக்கிறது. அதற்கும் வழியில்லாதபோது வேறு வேலை தரலாம், அது பாகுபாடு ஆகாது. தீயணைப்பு வீரரையும் விமானப் பணியாளரையும் செய்ய வேண்டிய வேலையை வைத்தே சோதிக்கலாம்: இத்தனை நொடியில் இந்தக் கதவைத் திறந்து வெளியேறு, இத்தனை கிலோவை இத்தனை மாடி தூக்கு. அதில் தோற்கும் ஒல்லியானவரும் உண்டு, தேறும் பருமனானவரும் உண்டு. எடை அட்டவணை செய்வதெல்லாம் இந்தச் சோதனையை நடத்தும் சிரமத்தைத் தவிர்ப்பதுதான்.

புதிதாக வந்திருக்கும் மறுப்பு மருந்து பற்றியது. எடை குறைக்கும் ஊசிகள் 2025இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. இனி நாற்காலியை மாற்றுவானேன், ஊசி போட்டுக்கொள்ளட்டுமே என்று ஒரு குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது. மருந்து நல்லதுதான். பலன் தருவதும் உண்மை. மாதா மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும் செலவு, பக்கவிளைவு, நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புவது ஆகியவையெல்லாம் அவரும் அவர் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டியவை. மருத்துவக் காப்பீட்டில் நிறுவனம் இதற்கு இடம் கொடுத்தால் பாராட்டலாம்; இப்போதுள்ள காப்பீட்டு விதி பி.எம்.ஐ. 40 இருந்தால், அல்லது கடும் துணைநோயோடு 35 இருந்தால், அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் வழிவிடுகிறது. ஆனால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் உட்காரத் தகுதியற்றவர் என்ற நிலைக்கு அது போய்விடக் கூடாது.

என் வாதத்தின் பலவீனம் எதுவென்று எனக்குத் தெரியும். உட்காரும் உரிமைச் சட்டமே முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. ஸ்டூல் போட்டிருக்கும் கடைகளிலேயே, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாது என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறார். ஸ்டூலில் துணிமூட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆய்வாளர் வந்தால் ஸ்டூல்களை எண்ணிவிட்டுப் போகாமல், ஊழியர்களைத் தனியாக அழைத்து நேற்று எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று கேட்க வேண்டும். இடத்தைத் திருத்துவதாலேயே வாயைத் திருத்திவிட முடியாது என்பதும் உண்மை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்த பிறகு, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சு பாலியல் தொனியில் இருந்தால் அங்கே போகலாம். ‘சாப்பாட்டு ராமன்’ என்று தினமும் அழைக்கப்படும் ஆணுக்குப் போக இடமில்லை. ஆஞ்சலினா சுட்டின், அன்டோனியோ டெராச்சியானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013இல் காட்டியபடி, எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம். நிறுவனத்தின் நடத்தை விதிகளில் சாதி, மதம், பாலினம் என்று வரும் வரிசையில் உடல்வாகு என்ற ஒன்றைச் சேர்க்க அரசாணை தேவையில்லை. பதவி உயர்வுக் குறிப்பில் ‘மந்தம்’ என்று எழுதும் மேலாளரிடம், எந்த வேலை எத்தனை நாள் தாமதமானது என்று கேட்கவும் யார் அனுமதியும் வேண்டாம். ஜனவரி மாதம் வந்தால் எச்.ஆர். துறை ஒட்டும் அந்த எடைக் குறைப்புப் போட்டிச் சுவரொட்டியை, யார் எத்தனை கிலோ என்ற பட்டியலோடு லிஃப்ட் பக்கத்தில் தொங்குவதை, இந்த ஆண்டே ஒட்டாமல் விடலாம்.